திருப்பிக் கொடுத்தது யாருக்கு?

2006, 2007 வாக்கில் பிரிட்டனில் ஏராளமான பேர் தங்கள் வங்கிக்குக் கடிதம் எழுதினார்கள். கணக்கில் பணம் இல்லாத நேரம் பார்த்து ஒரு பில் வந்து நிற்கும். வங்கி முப்பது பவுண்டுக்கு மேல்கூடக் கட்டணம் போடும். அந்தக் கட்டணமே கணக்கை இன்னும் கீழே தள்ளும். அதற்கும் ஒரு கட்டணம். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

பல வங்கிகள் தப்பை ஒத்துக்கொள்ளாமலே, 'நல்லெண்ணம்' என்று சொல்லிக் கொடுத்தன. ஆனால் ஓவர்டிராஃப்ட் பாக்கி இருந்தால் பணம் கைக்கு வராது, அந்தப் பாக்கியிலேயே கழிந்துவிடும். 200 பவுண்டு வரவு, 200 பவுண்டு பற்று. கணக்கு சரிதான். அப்புறம் என்ன குறை?

கடன் நிஜம், கட்டத்தான் வேணும். ஆனால் இந்த மாசம் வாடகை, அடுத்த மாசம் வங்கி என்று வரிசை போடுவது கடன்பட்டவரின் உரிமை இல்லையா? தொகையைக் கொடுத்துவிட்டு, அந்த வரிசையை வங்கியே வைத்துக்கொண்டது. இல்லாதவருக்குப் பணம் என்பதே பாதி அந்த வரிசைதான்.

2009 நவம்பர் 25 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: இந்தக் கட்டணமும் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, சேவைக்கு இந்த விலை தகுமா என்று நியாயமற்ற ஒப்பந்த விதிகளின் கீழ் கேட்க முடியாது. கட்டணம் நியாயம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த வழியில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்றுதான் சொன்னது. கேள்வி அப்படியேதான் இருக்கு: கணக்கில் எப்போதும் காசு வைத்திருப்பவருக்கு வங்கிச் சேவை இலவசம் என்றால், அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்?