அடக்கம் என்ற சொல்

தமிழில் ‘அடக்கம்’ என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. பணிவும் அடக்கம்தான், மையித்தை மண்ணில் வைப்பதும் அடக்கம்தான். மலசலத்தை உரிய நேரம்வரை வைத்திருப்பதையும் அடக்குதல் என்றே சொல்கிறோம். ஒழுக்கமும் உடலின் இயக்கமும் ஒரே சொல்லில் கலந்து கிடப்பதனாலோ என்னவோ, உடலை அடக்க முடியாதவரை ஒழுக்கத்திலும் ஒருபடி தாழ்ந்தவராக எண்ணிவிடுகிறோம். இது நீதியா?

மலத்தை அடக்குவது மனவுறுதியின் வேலை என்றே பலரும் நம்புகின்றனர். உண்மை வேறு. மலவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் உள்ளன. உள்வளையம் நமது விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. வெளிவளையத்தை மட்டுமே நாம் இறுக்கலாம். அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். வந்திருப்பது வாயுவா, மலமா என்று அறிவிப்பவை நரம்புகள். கடினமான பிரசவத்தில் தசை கிழியலாம், நீரிழிவு நரம்பைக் கெடுக்கலாம், முள்ளந்தண்டில் காயம் ஏற்படலாம், முதுமை தளர்த்தலாம். இவற்றில் குற்றம் எங்கே இருக்கிறது? பிள்ளை பெற்றபோது பட்ட காயம் பல ஆண்டுகள் கழித்து ஒரு தாயைத் தண்டிக்கிறது. நாம் அதன்மேல் அவமானம் என்ற இன்னொரு தண்டனையையும் சுமத்துகிறோம்.

இந்நோய்க்கு உணவு மாற்றம், மருந்து, தசைப் பயிற்சி என்று எளிய வழிகள் உண்டு. அவை பயன்தராதபோது நரம்புத் தூண்டலை நாடுகின்றனர். சிறுநீர்க் கோளாறுகளுக்காக அமெரிக்காவில் வளர்ந்த இம்முறையை ஜேர்மனியின் எர்லாங்கன் நகர வைத்தியர் கிளாவுஸ் மட்செலும் சகாக்களும் மலக்கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தி, 1995இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினர். முள்ளந்தண்டின் அடியெலும்பிலுள்ள துவாரம் வழியாக மெல்லிய மின்கம்பி ஒன்றை நரம்பருகே வைப்பார்கள். முதலில் சில நாட்கள் பரிசோதனை நடக்கும். கசிவு பாதியாகவேனும் குறைந்தால்தான் பற்றரியுடன் கூடிய சிறு கருவியைப் பிட்டத்தின் மேற்புறத் தோலுக்கடியில் நிரந்தரமாகப் பதிப்பார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் இதற்கு அனுமதி வழங்கியது. ஆனால் விலை மிக அதிகம்.

கணுக்காலருகே ஊசி மூலம் நரம்பைத் தூண்டும் மலிவான வழியும் உண்டு. அதைச் சோதித்த பிரித்தானிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. 227 பேர் பங்குபற்றினர். வாரம் ஒருமுறை, அரை மணிநேரம், 12 வாரங்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உண்மைத் தூண்டல். மற்றோருக்கு அதுபோலத் தோன்றும் போலித் தூண்டல். உண்மை பெற்றோரில் நூற்றுக்கு 38 பேருக்குத் தொல்லை பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தது. போலி பெற்றோரில் 31 பேருக்கு! அந்த வித்தியாசத்தைக் கொண்டு சிகிச்சை பலித்தது என்று சொல்ல முடியவில்லை.

அந்த 31 பேரின் தொல்லையைக் குறைத்தது எது? நோய் தானாக ஏறி இறங்கும் இயல்பாக இருக்கலாம். நம்பிக்கையாக இருக்கலாம். எளிதில் சொல்ல முடியாத ஒன்றை வாரந்தோறும் ஒருவர் முகம் சுளிக்காமல் விசாரித்ததாகவும் இருக்கலாம். போலி ஊசியை மருந்தென்று சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. ஆனால் முகம் சுளிக்காமல் கேட்பதில் ஏமாற்று எதுவுமில்லை. அதற்குப் பற்றரியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

வெட்கம் நற்பண்பல்லவா என்று கேட்கலாம். ஆம். ஆனால் வெட்கம் நாம் தெரிந்து செய்தவற்றுக்கு உரியது. நமக்கு நேர்ந்தவற்றுக்கு உரியதல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை ஆடையை அழுக்காக்கிவிட்டால் வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளையா, சிரிக்கும் பிள்ளைகளா? ஃபிக்ஹுச் சட்டம்கூட இதில் நம்மைவிடக் கனிவானது. இடைவிடாத கசிவுள்ளவர் வக்து வந்ததும் சுத்தம் செய்து, துணி கட்டி, வுழூச் செய்து தொழலாம். அவரது தொழுகை நிறைவேறும். சட்டம் ஏற்றுக்கொண்டவரை ஊரின் பார்வை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது.

மையித்தைக் குளிப்பாட்டுவோர் வயிற்றை மெதுவாக அழுத்திச் சுத்தம் செய்வர். எவரும் முகம் சுளிப்பதில்லை. கண்டதை வெளியில் சொல்வதுமில்லை. அதன் பிறகே அடக்கம். இறந்தவருக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையை, உயிரோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஏன் கொடுக்கக்கூடாது? அவர்கள் வாய்திறந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருந்தால்தான் அவர்கள் வைத்தியரிடமாவது போவார்கள். மனிதனின் கண்ணியம் அவனது குடலின் கட்டுப்பாட்டில் இல்லை. அது அவனைச் சுற்றியிருப்பவர்களின் நாவின் அடக்கத்தில் இருக்கிறது.