திருமேனியின் வலப்பக்கம்

ஒரு திருமேனியை இன்ன மூர்த்தி என்று அறிவது அதில் வடிக்கப்பட்ட பொருள்களாலா, அப்பொருள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையாலா என்ற வினா ஆகமங்களுக்குப் பழையது; கணினியில் படக் களஞ்சியங்களைத் தேடுவோருக்கு அண்மையில்தான் வந்து சேர்ந்தது. திருமாலின் இருபத்து நான்கு மூர்த்திகள் என்று சிற்ப நூல்கள் வகுத்த முறை இவ்வினாவுக்கு மிகத் தெளிவான சான்று. நான்கு கைகள், அவற்றில் சங்கு, சக்கரம், கதை, தாமரை என நான்கு பொருள்கள். இந்நான்கையும் கைமாற்றி வைக்கக்கூடிய முறைகள் 24 மட்டுமே. அந்த 24க்கும் கேசவன், நாராயணன், மாதவன் எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எந்த அடைவு எம்மூர்த்திக்கு உரியது என்பதில் நூல்கள் சில இடங்களில் வேறுபட்டாலும், பொருள் மாறாமல் அதன் இடம் மாறினாலே மூர்த்தி மாறிவிடும் என்பதில் அவை ஒன்றுபடுகின்றன. ஆகவே சங்கும் சக்கரமும் உள்ள படங்களைக் கேட்டுப் பெறும் தேடல், கேசவனைத் தேடியவருக்கு இருபத்து நான்கு பேரையும் கொண்டுவந்து நிறுத்தும்.

இக்குறையைப் போக்க, ஷி-குவோ சாங்கும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் ஒரு முறையை முன்வைத்தனர். படத்திலுள்ள பொருள்களின் பெயர்களை இடமிருந்து வலமாக ஒரு வரிசையாகவும் கீழிருந்து மேலாக மற்றொரு வரிசையாகவும் எழுதிவைத்து, தேடுபவர் தரும் வரிசைகளை அவற்றோடு ஒப்பிடுவது அம்முறை. இருபரிமாணச் சரம் என்று அதைச் சொல்லலாம். பின்னர், பொருள்களைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையிலான உறவுகளை அப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளாகவும் கொண்ட காட்சி வரைபுகள் வந்தன. 2015 முதல் படத் தேடலில் அவை பெரிதும் பயன்படுகின்றன.

ஆயினும் இடமிருந்து வலம் என்னும்போது அது யாருடைய வலம்? வைகானச ஆகமம் போகஸ்தானகம் என்னும் நின்ற திருக்கோலத்தில் ஸ்ரீதேவியை வலப்பக்கத்திலும் பூதேவியை இடப்பக்கத்திலும் அமைக்கச் சொல்லும்போது குறிப்பது பெருமாளின் வலத்தை. சேவிப்பவர் கண்ணுக்கும் படக்கருவிக்கும் அது இடப்பக்கம். யோக நிலையில் நின்ற திருமேனிக்கோ பிரமனைத் தென்சுவரிலும் சிவனை வடசுவரிலும் அமைக்க வேண்டும். அவ்விருவரும் இல்லையெனில் திருமேனி உத்தம வகையிலிருந்து மத்திம வகைக்கு இறங்கும். து. அ. கோபிநாத ராவ் 1914 முதல் வெளியிட்ட இந்து உருவவியல் நூலில் இப்பாகுபாட்டை விரிவாகக் காணலாம். சுவரின் திசையைப் படம் தானே சொல்லாது. எடுத்தவர் எழுதிவைக்காவிட்டால் வடக்கு தொலைந்துபோகும்.

இதுவரை சொன்னவற்றால் இடநிலையே பொருள் என்று முடிவுகட்டத் தோன்றும். ஏரல் என்னும் ஊரைச் சூழ்ந்த தாமிரபரணிக் கரை அம்முடிவை ஏற்க விடாது. ஏரலிலிருந்து பெருங்குளம் வழியாகத் திருவைகுண்டம் சென்றால் அங்கே பெருமாள் நின்ற கோலத்தில் ஆதிசேடனைக் குடையாகக் கொண்டிருக்கிறார். அருகிலுள்ள வரகுணமங்கையில் இருந்த கோலம். திருப்புளிங்குடியில் கிடந்த கோலம், ஆதிசேடன் படுக்கை. இம்மூன்றையும் நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஒரே பாசுரத்தில் சேர்த்துப் பாடியிருக்கிறார். திருவைகுண்டத்தில் மேலே உள்ள பாம்பு திருப்புளிங்குடியில் கீழே உள்ளது. இருபரிமாணச் சரத்துக்கு இவை நேர்மாறான இரு படங்கள். அடியவருக்கோ ஒரே உறவின் இரு தோற்றங்கள், ஏனெனில் மேலிருப்பினும் கீழிருப்பினும் சேடன் செய்வது தொண்டு. அப்பகுதியிலேயே உள்ள தென்திருப்பேரையில் கருடன் சந்நிதிக்கு நேரே நில்லாமல் சற்று விலகி நிற்பதற்கு, வீதியில் விளையாடும் குழந்தைகளைப் பெருமாள் மறைவின்றிக் காண வேண்டும் என்பதே காரணம் என்று தலபுராண வழக்கு கூறும். கருடன் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை அளந்துவிடலாம். யாருக்காக என்பது அந்த அளவில் வராது.

இவ்வேறுபாட்டைத் தத்துவ மரபு முன்பே ஆராய்ந்திருக்கிறது. பிரிந்து நிற்கக்கூடிய இரு பொருள்கள் கூடி நிற்பதை வைசேடிகர் சம்யோகம் என்றனர். மேசைமேல் இருக்கும் நூல் மேசையை விட்டு நீங்கினாலும் நூலே. இராமானுசர் வழிவந்தோரோ பிரித்து நிற்க முடியாத உறவை அப்ருதக்சித்தி என்பர். உயிரும் உலகும் இறைவனுக்கு உடலாக, அவனால் தாங்கப்பட்டு, அவனுக்காகவே இருப்பவை என்பது அவர்கள் கொள்கை. பிறர்க்காகவே இருப்பது சேடம் எனப்படும். ஆதிசேடனின் பெயரிலேயே அக்கருத்து அமைந்துள்ளது. கணினித் தேடல் பொருள்களை முதலில் தனித்தனியே கண்டு பிறகே அவற்றிடையே கோடு இழுப்பதால், அது எட்டக்கூடியது சம்யோகத்தை மட்டுமே. அது சிறிய காரியமன்று. ஆனால் அதையே உறவின் முழுமையாகக் கொள்வது பிழை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தொகுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயிற் படங்கள், களவுபோன திருமேனிகளை அடையாளம் காணப் பயன்பட்டுள்ளன. களவுபோன மூர்த்தி தன் சுவரையும் திசையையும் எதிரில் நின்றவரையும் இழந்தே வெளிநாடு செல்கிறது. அவ்வுறவுகள் எஞ்சியிருப்பது பழைய படத்திலும் அதன் குறிப்பிலும்தான். எனவே கோயிற் படங்களைக் கணினியில் சேர்ப்போர், பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், வலம் என்பது திருமேனியின் வலமா காண்பவர் வலமா, சுவர் எத்திசை, எதிரே நிற்பவர் யார், அவர் அவ்வாறு நிற்பதற்கு ஊரார் கூறும் காரணம் என்ன என்பவற்றையும், அர்ச்சகரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, ஒவ்வொரு படத்தோடும் எழுதிவைக்க வேண்டும்.