காவலிடத்தை விட்டகலாதீர்!

 

நம் வியாபாரப் பெருமக்கள் சிலரிடம் இன்று ஒரு சலிப்பைக் காண்கிறோம். "2018-ல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம், ஆட்சி மாறியது. 2020-லேயே அதுவும் கவிழ்ந்தது. இனி ஓட்டு எதற்கு? கடையைப் பார்த்தால் போதாதா?" என்கிறார்கள். இந்தச் சலிப்புக்கு மார்க்கம் தரும் மறுமொழி என்ன?

திருக்குர்ஆனின் 42-வது அத்தியாயத்துக்கு 'ஷூரா', அதாவது கலந்தாலோசனை என்றே பெயர். தொழுகையையும் தருமத்தையும் சொல்லுமிடத்திலேயே, ஆலோசித்துக் காரியம் நடத்துவதையும் முஃமின்களின் இலட்சணமாக அது சொல்லுகிறது.

ஹிஜ்ரி 3-ம் ஆண்டு. குறைஷிகள் படையெடுத்து வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி யோசனை கேட்டார்கள். மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்ப்பது நலம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். பத்ரில் கலந்துகொள்ள வாய்க்காத வாலிபர்களோ வெளியே சென்று பொருத விரும்பினார்கள். நாயகம் அவர்கள் அதற்கிசைந்து உஹதுக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட எழுபது பேர் ஷஹீதானார்கள்.

"இனி யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம்" என்று கட்டளை வந்ததா? இல்லை! உஹதைப் பற்றிப் பேசும் ஆல இம்ரான் அத்தியாயத்திலேயே, அவர்களை மன்னித்து அவர்களுடன் ஆலோசிக்கும்படி அல்லாஹுத்தஆலா தன் தூதருக்கு ஆணையிட்டான் (3:159).

சகோதரர்களே! அன்று கேடு ஆலோசனையால் வரவில்லை. குன்றின் மேல் காவல் நின்ற வில்லாளிகளிற் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதென்றெண்ணி, கனீமத்துப் பொருளை நாடி இடத்தை விட்டிறங்கினார்களே, அதனால் வந்தது! ஓட்டுப் போட்ட மறுநாளே கல்லாவுக்குத் திரும்பி, ஐந்தாண்டுக்கு ஊர்க் காரியத்தை மறந்த நாம் யாருக்கு ஒப்பாவோம்?

நம் ஜார்ஜ் டவுனையே பாருங்கள். 1951 டிசம்பர் 1-ம் தேதி மலாயாவிலேயே முதல் நகரசபைத் தேர்தல் நடந்த ஊர் இது. 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி அத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் நடத்தலாமென்று அத்தி நாகப்பன் கமிஷன் சிபாரிசு செய்தும் 1976-ம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. பினாங்கு அரசு அவற்றை மீட்க இயற்றிய சட்டமும் 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. நம் கடை லைசென்சையும், சாக்கடையையும், சந்தையையும் கவனிக்கும் கவுன்சிலர்கள் நியமனத்தால் வருகிறவர்கள்.

ஆயினும் எல்லாக் கதவும் அடைபடவில்லை. நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். வரி மதிப்பீட்டுப் பட்டியல் புதிதாக வரும்போது ஆட்சேபம் எழுதலாம். நம்மில் எத்தனை பேர் ஒரு முறையேனும் சென்றோம்? கூட்டுக் கடையில் ஒரு பங்காளி ஆண்டு முழுதும் பேரேட்டைப் புரட்டாமலிருந்து, முடிவில் நஷ்டமென்று கூச்சலிட்டால் ஊர் நகைக்காதா?

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய பிரஜையின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. உஹதின் வாலிபர்களிடம் நாயகம் அவர்களே யோசனை கேட்டார்களென்றால், நம் பிள்ளைகளின் வாயை அடைக்க நாம் யார்? ஓட்டு ஒரு சாட்சியம். சாட்சியத்தை மறைப்பது பாவம். பணத்துக்கும் ஜாதிக்கும் அதை விற்பது அதனினும் பெரும்பாவம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆட்சிகள் வரும், போகும். அமானிதத்தைப் பற்றிய கேள்வி மறுமையில் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. தத்தம் காவலிடத்தில் உறுதியாய் நிற்கும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் யாவருக்கும் அருள்வானாக! ஆமீன்.