கையில் ஒட்டும் நிறம்

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்குப் போனவன், அப்படியே சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கும் போய் வந்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, வழியில் மதுரையில் ஒரு நூல் சேலை வாங்கிக்கொண்டேன். அவுரிச் சாயம் தோய்த்த நீலச் சேலை. "ரசாயனமே கிடையாது; யாருக்கும் கெடுதல் இல்லாத நிறம்" என்று கடைக்காரர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. சேலையோடு கொஞ்சம் புண்ணியத்தையும் சேர்த்து வாங்குகிற திருப்தி! ஆனாலும், "இலைச் சாயத்துக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசி, 300 ரூபாய் குறைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

மாலையில் அக்கா சேலையை விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பட்டாசு ஆலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அவளுடைய விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னிற்று.

"தொட்டுப் பாரேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா, என் கை ஒட்டிக்கிடும்" என்று அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் அவளுக்கு அவுரியின் பெருமையை விளக்கத் தொடங்கினேன். திண்டிவனம் பக்கம் இந்தச் செடி பயிராகிறது; இலையை ஊறப்போட்டு, அந்த நீரைக் கடைந்து, அடியில் படியும் நீலத்தை எடுக்கிறார்கள்; சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்து அதைப் புளிக்க வைத்த தொட்டியில் நூலை முக்குகிறார்கள்; வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாய் இருக்கிற நூல், காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாக மாறிவிடுகிறது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அப்ப, முக்குறவங்க கையும் நீலமாத்தான் இருக்குமா அண்ணாச்சி? அவங்களுக்கு என்ன கூலி குடுக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இலையைப் பற்றி அத்தனை விசாரித்தவன், கையைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

இயற்கையாக விளைந்தது என்றால் அதில் பாவம் இராது என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1859-இல் வங்காளத்துக் குடியானவர்கள் கலகம் செய்தது இந்த அவுரியை எதிர்த்துத்தான். பீகாரில் சம்பாரண் ஜில்லாவில், நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் அவுரியே போட வேண்டும் என்று தோட்டக்கார வெள்ளையர்கள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியின் விலை சரிந்தபோதாவது அவர்களுக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை. அவுரி போடுவதிலிருந்து விலக்கு வேண்டுமானால் குத்தகையை உயர்த்திக் கொடு என்று, தங்கள் நஷ்டத்தையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள் துரைமார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே போய் விசாரித்தது இந்த அநியாயத்தைத்தான். அத்தனைக்கும் அது சுத்தமான இலைச் சாயம்!

ரசாயனச் சாயமும் நல்ல பேர் வாங்கிவிடவில்லை. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, கடைசியில் 2011-இல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததை நாம் மறந்துவிட முடியாது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? ஒன்றல்ல. ஆற்றுக்கு இலை செய்கிற கெடுதல் குறைவு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இலையின் நல்ல குணம் இலைக்குச் சொந்தமானது. அதைக் கடையில் விலை கொடுத்து வாங்கி, என்னுடைய குணமாக நான் சேர்த்துக்கொள்ள முடியுமா?

வேறொரு சௌகரியமான வழியும் இருக்கிறது. 'இனிமேல் பட்டாசே வாங்க மாட்டேன்' என்று நான் சபதம் செய்துகொள்ளலாம். என் கை சுத்தமாகிவிடும். அந்தப் பெண்ணின் கை? அது சுத்தமாவதோடு வெறுங்கையும் ஆகிவிடலாமே! வானம் பார்த்த கரிசல் பூமியில் அவளுக்கு வேறு என்ன வேலை காத்திருக்கிறது? என் கை கறைபடாமல் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும், அவள் வாழ வேண்டும் என்ற அக்கறைக்கும் உள்ள தூரம் எனக்கு அன்றுதான் புரிந்தது. முதலாவதில் நான் மட்டுமே இருக்கிறேன். இரண்டாவதற்கு அவளுடைய கூலி என்ன, பாதுகாப்பு என்ன என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கவும் வேண்டும். சபதம் செய்வதைப் போல அது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல.

ஊர் திரும்பும்போது மதுரையில் இறங்கி, அதே கடைக்குப் போனேன். சாயம் தோய்ப்பவர்களுக்கு என்ன கூலி என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை, இதுவரை எந்த வாடிக்கைக்காரரும் கேட்டதில்லையாம். குறைத்துக் கொடுத்த 300 ரூபாயை நீட்டி, "இது அவர்களுக்குப் போய்ச் சேருமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இதை நான் எந்தக் கணக்கில் சார் எழுதுவேன்?" என்றார்.

ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நியாயமான கேள்விதான். இத்தனை நாளும் அதை நான் எந்தக் கணக்கில் எழுதிவந்தேன்? 'சாமர்த்தியம்' என்ற கணக்கில் அல்லவா?