அகப்பட்டவனிடம் அதிக விலை ஆகுமா?



இன்று நம்மில் விமானம் ஏறாதவர் குறைவு. சரக்குக் கொள்முதலுக்கும், சொந்தபந்தங்களின் நல்லது கெட்டதுக்கும் திருச்சி, சென்னை என்று போய் வருகிறோம். பாதுகாப்புச் சோதனையைக் கடந்துவிட்டால் நினைத்தபடி வெளியே வர இயலாது. 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர்ப் போத்தலையும் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விமானம் புறப்படச் சற்று நேரமே இருக்கிறது, வயிறோ பசிக்கிறது. எதிரே துரித உணவுக் கடை. ஹலால் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு, ஒரு கோழி பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் கேட்கிறோம். ஊருக்குள் விற்பதைவிட விலை கூடுதலாக இருந்தால், முணுமுணுத்துக்கொண்டே வெள்ளியை எடுத்து வைக்கிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேறு கடைக்குப் போக வழியில்லாதவனிடம் கூடுதல் விலை வாங்குவது நியாயமா?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகை அதிகம். வேலையாட்கள் இரவும் பகலும் முறை மாற்றி நிற்க வேண்டும். சரக்கும் சோதனையைக் கடந்தே உள்ளே வர வேண்டும். இச்செலவுகளை விலையில் சேர்ப்பதைக் குற்றமென்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார். ஆனால் செலவுக்காக ஏறும் விலை வேறு. வாங்குபவனின் முடைக்காக ஏற்றும் விலை வேறு. முதலாவதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டலாம். இரண்டாவதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

"விலைப்பலகையைப் பார்த்து, மனம் ஒப்பித்தானே வாங்கினான்?" என்று சிலர் கேட்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் ஒரு வரலாற்றைச் சொல்கிறார்கள். யூனுஸ் இப்னு உபைத் என்ற துணி வியாபாரி தொழுகைக்குப் போயிருந்த சமயம், அவருடைய சகோதரர் மகன் 200 திர்ஹம் பெறுமான ஆடையை ஒரு நாட்டுப்புறத்து அரபிக்கு 400க்கு விற்றுவிட்டான். வழியில் அவரைக் கண்ட யூனுஸ் திரும்ப அழைத்தார். "எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான்" என்று அவர் சொல்லியும் விடவில்லை. 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்து, பையனையும் கண்டித்தார். வாங்கியவனின் சம்மதம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

நியாய விலை விமான நிலையத்தில் நடவாத காரியமும் அன்று. சாங்கியில் குடிநீர்க் குழாய் இலவசம். சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் அரசாங்க ஏற்பாட்டில் திறந்த சிற்றுண்டிக் கடையில் தேநீர் 10 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

நிற்க. விமான நிலையக் கடைக்காரரைக் குறை சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 2020இல் தொற்றுநோய் வந்தபோது முகக்கவசத்துக்கு மலேசிய அரசாங்கம் உச்ச விலை விதிக்க வேண்டியதாயிற்றே! விற்றவர்கள் நம் போன்ற வியாபாரிகள்தாம். பெருநாள் இரவில் அடுத்த கடை அடைத்திருக்கும். அவசரமாக ஒருவர் நம் கடைக்கு ஓடி வருவார். அப்போதும் நேற்றைய விலையையே சொல்வோமாக.