சாலையில் நிற்பவரைக் கேட்டார்களா?

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் கார் ஒவ்வொன்றும் ஒரு விசித்திரமான தேர்வில் தேற வேண்டும். மனித உடலின் எடையும் மூட்டுகளும் கொண்ட ஒரு பொம்மையை முன் இருக்கையில் உட்கார வைப்பார்கள். சீட் பெல்ட் போட மாட்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காரைச் சுவரில் மோதவிட்டு, பொம்மையின் தலைக்கும் மார்புக்கும் தொடைக்கும் எவ்வளவு அடி விழுந்தது என்று அளப்பார்கள். கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு விதிகளில் 208ஆம் எண் விதி இதைக் கேட்கிறது. ஐரோப்பிய விதிகளில் இந்தச் சோதனை கிடையாது. அங்கே முன்மோதல் சோதனைக்கு உட்காரும் பொம்மை பெல்ட் அணிந்தே இருக்கும்.

பார்வைக்கு இது பொறியாளர்களின் கருத்து வேறுபாடு. சற்று உள்ளே போனால், மனிதன் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகள் எதிரெதிராக நிற்பது தெரியும். தமிழ் வைணவத்துக்கு இந்த வழக்கு புதிதல்ல. குட்டி எதுவும் செய்யாமலே தாய்ப்பூனை அதைக் கவ்விக் காப்பாற்றுகிறது. குரங்குக்குட்டியோ தாயை இறுகப் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். இறைவனின் அருள் எந்த வகை என்று தென்கலையும் வடகலையும் நூற்றாண்டுகளாக விவாதித்தன. அமெரிக்க விதி பூனையின் பக்கம்: மனிதன் பெல்ட் போட மாட்டான், ஆனாலும் அவனைக் காப்பாற்றியாக வேண்டும். ஐரோப்பிய விதி குரங்கின் பக்கம்: நீ பற்றிக்கொள், மிச்சத்தைக் கார் பார்த்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. ரால்ஃப் நாடர் கார் நிறுவனங்களைக் குற்றக் கூண்டில் ஏற்றிய புத்தகம் 1965இல் வந்தது. ஆண்டுக்கு 50,000 பேர் சாலையில் செத்துக்கொண்டிருந்த அமெரிக்காவில், அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை, விபத்து என்றால் ஓட்டியவனின் தவறு. அந்தச் சட்டத்துக்குப் பிறகு, தவறு செய்யும் மனிதனையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்புவது காரைச் செய்தவனின் கடமையாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இலேயே பெல்ட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்காவிலோ 1980களின் தொடக்கத்திலும் ஏழு பேரில் ஒருவர்தான் பெல்ட் அணிந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெரியவர்கள் பெல்ட் போட வேண்டும் என்று இன்றும் சட்டம் இல்லை. அந்த மக்களை மனத்தில் வைத்துத்தான் காற்றுப்பை வந்தது.

அந்தக் கருணைக்கு ஒரு விலை இருந்தது. பெல்ட் போடாத முழு ஆணின் உடலைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் பை மிகுந்த வேகத்தில் விரிய வேண்டும். அந்த வேகம், சிறிய மோதல்களில் முன் இருக்கையில் இருந்த குழந்தைகளையும் உயரம் குறைந்த பெண்களையும் கொன்றது. 1990 முதல் 2008 வரை இப்படி 290க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக அமெரிக்க அரசின் கணக்கு. காற்றுப்பை காப்பாற்றிய பல்லாயிரம் உயிர்களுக்கு முன் இது சிறிய எண்தான். ஆனால் விதி எழுதியவர்கள் எந்த உடலை அளவாகக் கொண்டார்களோ அந்த உடல் பிழைத்தது, கொள்ளாத உடல் செத்தது. பின்னர் பையின் வேகத்தைக் குறைத்தார்கள். குழந்தை அளவிலும் சிறிய பெண் அளவிலும் பொம்மைகள் சோதனைக்குள் வந்தன.

இப்படி ஒரு நாட்டின் தரவிதிக்குள் அந்த நாடு மனிதனைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் உறைந்திருக்கிறது. அந்தக் கார் கப்பலேறி வேறு நாட்டில் இறங்கும்போது அந்த எண்ணமும் சேர்ந்தே இறங்குகிறது. வெளிநாட்டுக் கார் இறக்குமதியில் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1980களின் முற்பாதியில் டாலரின் மதிப்பு ஏறியிருந்தது. ஜெர்மனியில் ஒரு மெர்சிடிஸ் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றி, அமெரிக்க விதிகளுக்கேற்ப மாற்றினாலும், உள்ளூர்க் கடையின் விலையை விடக் குறைவாக முடிந்தது. 1985இல் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் இப்படி வந்தன. சட்டப்படி பிணைப்பணம் கட்டி, 120 நாளுக்குள் மாற்றங்களைச் செய்ய வேண்டும்: கதவுக்குள் இரும்புச் சட்டம், பக்கவாட்டில் விளக்குகள், வேறு பம்பர், மைலில் காட்டும் வேகமானி. சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன, சில காகிதத்தில் மட்டும் செய்தன. 1988இல் வந்த சட்டம் அந்த வாசலை ஏறக்குறைய அடைத்தது. அதற்குப் பிறகு, பதிவு பெற்ற இறக்குமதியாளர் வழியாகத்தான் வர முடியும். காரின் மதிப்பில் ஒன்றரை மடங்கு பிணை. 25 ஆண்டு பழைய கார்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. பாதுகாப்பை நாடினார்களா, கடைக்காரர்களின் லாபத்தையா என்று அப்போதே கேட்டார்கள். மெர்சிடிஸின் அமெரிக்கக் கிளை அந்தச் சட்டத்துக்காக மும்முரமாக உழைத்தது என்பதால் கேள்வி நியாயமானதே.

பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 இதில் மாட்டிக்கொண்ட கதை பலருக்குத் தெரியும். மோதிப் பார்க்கச் சில கார்களைத் தர போர்ஷே மறுத்தது; சோதனை இல்லாததால் கார் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சுங்கத்துறையின் காவலில் கிடந்தது. காட்சிக்காகக் கொண்டுவரும் அரிய கார்களுக்கு ஆண்டுக்கு 2,500 மைல் வரை ஓட்ட அனுமதி என்ற விதிவிலக்கு 1990களின் இறுதியில்தான் பிறந்தது. 1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர், 25 ஆண்டு முடிந்த 2014இல் அமெரிக்காவுக்குள் சட்டப்படி நுழைந்தது. பழையதாக ஆக எந்தக் காரும் பாதுகாப்பானதாக மாறிவிடாது. துருவும் தேய்மானமும்தான் கூடும். ஆனாலும் அந்த விதியில் ஓர் அறிவு இருக்கிறது. 25 ஆண்டு பழைய கார்கள் எண்ணிக்கையில் குறைவு. சில பேரின் ஆசைக்காக எழும் சிறிய ஆபத்தைச் சமுதாயம் தாங்கிக்கொள்ளும். லட்சக்கணக்கில் வந்தால் தாங்காது. அறத்தில் எண்ணிக்கைக்கும் இடம் உண்டு என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

தடைபட்ட இறக்குமதியாளர் சொல்லும் வாதம் எளிமையானது: என் பணம், என் கார், என் உயிர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது இந்த இடத்துக்கு வந்தார். இடியும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் ஏறப்போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து உறுதியில்லாமல் வாய்ப்பாக மட்டும் இருந்து, அதை அறிந்தே ஏறுகிறான் என்றால், சொல்லிவிட்டு விலகுவதுதான் முறை. இறக்குமதியாளரின் வாதம் மில்லின் பாலத்தில் நன்றாகவே நிற்கிறது. தன் உயிரை எதில் பணயம் வைப்பது என்பது பெரியவர் ஒருவரின் உரிமை என்பதை மறுக்க இக்கட்டுரைக்கு மனமில்லை.

பாலம் அசையாமல் நிற்கும். கார் அப்படியல்ல, அது இன்னொருவரை நோக்கிப் போகிறது.

ஐரோப்பாவில் 2005 முதல் புதிய வகைக் கார்கள் வேறொரு தேர்வையும் எழுதுகின்றன. குழந்தையின் தலை அளவில் ஓர் உருண்டை, பெரியவரின் தலை அளவில் ஓர் உருண்டை. இரண்டையும் பானெட்டின் மேல் வீசி அடிப்பார்கள். தலை விழுந்தால் பானெட் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்கும் கீழே உள்ள என்ஜினுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். கார் வாங்காத, அதில் ஏறாத ஒருவருக்காக எழுதப்பட்ட விதி இது. அமெரிக்க விதிகளில் இப்படி ஒன்று இல்லை. அங்கே 2009இல் ஏறத்தாழ 4,100 பாதசாரிகள் இறந்தார்கள். 2022இல் 7,500க்கும் மேல். அகலமான சாலை, அதிவேகம், இருட்டு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நெஞ்சுயரத்துக்கு எழும்பிய வண்டி முகப்புகளுக்கும் உண்டு.

மனுநீதிச் சோழன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது ஆராய்ச்சி மணியையும் அரசனின் தண்டனையையும் அழுத்திச் சொல்கிறோம். நடுவில் அமைச்சர் பேசும் இடத்தை விரைந்து தாண்டிவிடுகிறோம். கன்று தானாகத்தான் குறுக்கே பாய்ந்தது, இளவரசன் மேல் தவறில்லை, மறைநூல் சொல்லும் பரிகாரத்தைச் செய்துவிடலாம் என்கிறார் அமைச்சர். அவர் பொய் சொல்லவில்லை. கதையில் எந்த விதியும் மீறப்படவில்லை. அரசன் மறுத்தது அந்த வாதத்தின் கணக்கைத்தான்: தேருக்குள் இருந்தவனின் பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கு அது. கன்றை இழந்த பசுவுக்குத் திருவாரூரில் ஒரு மணி இருந்தது. தரவிதி எழுதும் அறையில் பாதசாரிக்கு அது கூட இல்லை.

நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலையில் உருவான ஹூண்டாய் ஐ10 சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் போனது. அங்கே போன கார் 2008ஆம் ஆண்டு மோதல் சோதனையில், பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்தியச் சாலைக்கு வந்த அடிப்படை வகையில் காற்றுப்பை கிடையாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியச் சிறு கார்களின் அடிப்படை வகைகளை மோதிப் பார்த்தபோது ஐ10 உட்பட ஐந்துக்கும் பூஜ்யம். ஒரே ஆலை, ஒரே தொழிலாளர்கள். லண்டனில் ஓட்டுபவரின் மார்பெலும்புக்கும் மதுரையில் ஓட்டுபவரின் மார்பெலும்புக்கும் எந்த வேறுபாடும் இல்லை; சட்டம் கேட்டதில்தான் வேறுபாடு. விலை கட்டுப்படியாகாது என்ற சமாதானத்துக்கு அப்போதே பதில் கிடைத்தது: சோதனைக்குப் பின் ஃபோக்ஸ்வாகன், போலோவின் காற்றுப்பை இல்லாத வகையை விற்பதை நிறுத்தியது, பை இருந்த அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. 2019இல்தான் இங்கே ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது.

இப்போது இந்தக் கேள்வி தனிமனிதரின் ஆசையைத் தாண்டி வணிக மேசைக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் வெளியிட்ட கூட்டறிக்கை, கார்களில் ஒருவர் தரவிதியை மற்றவர் ஏற்கும் எண்ணத்தைச் சொல்கிறது. பத்தாண்டுக்கு முன் இதே பேச்சு நடந்தபோது, இரு விதிகளும் சமம் என்று காட்டக் கார் நிறுவனங்களே ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தன. ஆய்வாளர்களால் அப்படிக் காட்ட முடியவில்லை. கார் உருண்டால் அமெரிக்கக் கார் மேல். முன்னும் பக்கமுமான மோதல்களில் ஐரோப்பியக் கார் மேல். காருக்குள் இருப்பவர்களைப் பொறுத்தவரை இதைக் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டலாம். பாதசாரியின் பத்தியில் ஒரு பக்கம் வெற்றிடம். அங்கே எதை எதோடு சரிக்கட்டுவது?

டெஸ்லாவின் சைபர்டிரக் ஐரோப்பிய ஒப்புதல் பெறாத வண்டி. அதன் கூர்மையான விளிம்புகள் அங்குள்ள விதிக்கு ஒத்துவராதவை. 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதிக் காவல்துறை அப்படி ஒன்றைப் பறிமுதல் செய்தது. ஒரு வண்டி என்றால் காவல்துறை பார்த்துக்கொள்ளும். பரஸ்பர ஏற்பு சட்டமானால் அத்தகைய முகப்புள்ள வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கலாம். ஐரோப்பிய நகராட்சிகளும் சாலைப் பாதுகாப்பு அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்திருப்பது அதனால்தான். சுங்க வரிச் சலுகைக்குப் பண்டமாற்றாக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். தெருவைக் கடக்கும் குழந்தையின் தலைக்கான விதியை மட்டும், அந்தக் குழந்தையைப் பெற்றவர்களைக் கேட்காமல் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டில் கடுமையான விதியை இருவரும் ஏற்கலாம்: உருளும் காருக்கு அமெரிக்கச் சோதனை, பானெட்டுக்கு ஐரோப்பிய உருண்டை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே 2024 செப்டம்பரில் பாதசாரியின் தலையைக் காக்கும் விதி ஒன்றை முன்மொழிந்தது. ஆண்டுக்கு 67 உயிர்கள் பிழைக்கும் என்பது அதன் மதிப்பீடு. கூட்டறிக்கை வந்தபோதும் அந்த விதி முன்மொழிவாகவே இருந்தது. அதை முதலில் முடித்துவிட்டு மேசைக்கு வருமாறு ஐரோப்பா கேட்கலாம், கேட்க வேண்டும்.