முடியும் என்றுதான் சொல்வாள்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சாஃப்ட்பாலில் ஜப்பானின் யுகிகோ உயெனோ இரண்டே நாட்களில், மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். அந்த உறுதியை வணங்கலாம். ஆனால் அப்படி வீசுவதை வழக்கமாக்கக் கூடாது.

2021இல் டோக்கியோ இறுதி ஆட்டம். எதிரே அமெரிக்கா, ஜப்பான் 2-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் 39 வயது உயெனோவை வெளியே அழைத்து, 20 வயது மியு கோட்டோவிடம் பந்தைக் கொடுத்தார் பயிற்சியாளர் ரெய்கா உட்சுகி. தொடக்க வீராங்கனை ஒருமுறை திரும்பி வரலாம் என்கிறது விதி. ஏழாவது இன்னிங்ஸில் உயெனோ வந்து ஆட்டத்தை முடித்தார். எத்தனை அழகான முடிவு!

எப்போது மாற்றுவது? களைப்பை ஸ்கோர்போர்டு தாமதமாகத்தான் காட்டும். அதற்கு முன்பே, மேலெழ வேண்டிய பந்து தட்டையாக வரும். தாழ வேண்டியது இடுப்பளவிலேயே நிற்கும். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையே பந்து வீசுபவள் கூடுதலாக ஒரு மூச்சு வாங்குவாள். பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறை, காட்டிய இடத்தை விட்டு அலையத் தொடங்கும்.

பயிற்சியாளர்களே, கேட்சரைக் கேளுங்கள். பந்து வீசுபவளிடம் "முடியுமா?" என்றால் "முடியும்" என்றுதான் சொல்வாள், அதுவும் பள்ளி வயதுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் தோளுக்குச் சேதமில்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது தவறு. தோளின் முன்பக்கத்திலும் மேற்கைத் தசையிலும் விழும் இழுவிசை மிகக் கடுமையானது.